பெயர், நட்சத்திரம், முகவரி

1

இதனால் தலைநகர் வாழ் தமிழ்ப் பெருங்குடி மக்கள், சங்க நிர்வாகிகள், செல்போன் கம்பெனியார், வங்கி மேலாளர்கள் மற்றும் பிறர் வீட்டு விவகாரங்களில் ஆழ்ந்த அக்கறை கொண்ட சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இம்மாநகரில் ஓர் ஆள் காணாமல் போயிருக்கிறார். கடத்தப்படவில்லை. வழி தவறவில்லை. புத்தி பேதலிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்து, முழு சுயநினைவோடு காணாமல் போயிருக்கிறார். கண்டவர்கள் தயவுசெய்து எங்கும் தகவல் தர வேண்டாம்.

சங்கத்து ஆண்டு மலருக்குக் கிண்டல் கட்டுரை எழுதிப் பழகிய கை இது. பெரிய குரலில் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் சின்னக் குரலில் பேசிக்கொள்ளலாம் என்று அதற்கு ஒரு நம்பிக்கை. இந்த விஷயம் கிண்டலில் அடங்காது என்று தெரிந்தும் பழைய தடத்திலேயே ஓடப் பார்க்கிறது. விடுங்கள், இழுத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

கதை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து ஏழு, மே மாதம், கிட்வாய் நகர் அரசாங்கக் குடியிருப்பு. மத்தியானம் கரண்ட் இல்லை. அழைப்பு மணி அடிக்காததால் மேல் வீட்டு லீலாவதி கதவைத் தட்டினாள். (அவள் மேல் வீடு, நான் கீழ் வீடு. தலைகீழாகவும் இருக்கலாம். ஏன் இப்படிக் குழப்புகிறேன் என்பது போகப் போகத் தெரியும்.) ஐம்பதை ஒட்டிய வயது. நின்றுபோன கூலருக்கு எதிரே உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், கம்ப்யூட்டர்ல ஒரு ஆளை இல்லாம ஆக்கறது எப்படி?"

"யாரை?"

"கவியை."

கவிப்ரியா அவளுடைய ஒரே மகள். குர்காவ்னில் வேலை. மார்ச்சில் ஒரு நாள் ஆபீஸ் போனவள் திரும்பவில்லை. சாயங்காலம் அம்மாவின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதத் தெரியும்: அம்மா நான் நல்லா இருக்கேன், கல்யாணம் பண்ணிக்கிட்டேன், தேடாதீங்க. அதற்கப்புறம் அந்த நம்பருக்கு உயிர் இல்லை.

"கண்டுபிடிக்கணுமா?" என்றேன்.

"கண்டுபிடிக்கறதுக்குத்தான் ஆளு வந்திருக்கே. யாரும் கண்டுபிடிக்காம இருக்கறதுக்குக் கேக்கறேன்."

"எங்க இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா போயிடுவேன். நான் போனா என் பின்னாலயே வந்துடுவாங்க." கூலரைப் பார்த்தாள். "கரண்ட் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்."

2

முதல் வரிகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். வீணாக்க மனமில்லை.

'அன்று காலை கவிப்ரியா பச்சை நிற சுரிதாரில் வீட்டை விட்டு இறங்கியபோது, பால் பூத்தில்' —

நிறுத்திவிட்டேன். பச்சை சுரிதார் என்று எழுதியதுமே அது போலீஸ் விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. காணாமல் போனபோது அணிந்திருந்த உடை, அடையாளம், மச்சம்.

'காதல் என்பது' —

இதை எழுதியதற்கு மன்னிப்பு.

'ராஜசேகரன், மத்திய அரசின் ஒரு முக்கியமான அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், தன் மகளைப் பற்றிய ஃபைலை மூடிவிட்டார்' —

இது பரவாயில்லை. ஆனால் இது அவருடைய கதை இல்லை. இதில் அவர் எல்லாவற்றையும் மேல் நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கிறவர் மட்டுமே. "எனக்கு மகளே கிடையாது" என்று நடு ஹாலில் நின்று பிரகடனம் செய்தார். செய்துவிட்டு, இல்லாத மகளைத் தேடுவதற்குத் தம்பி தர்மனை ஊரிலிருந்து ரயிலேற்றி வரவழைத்தார்.

இங்கேதான் எனக்கு முதல் சிக்கல். கதை எழுதுகிறவனுக்கு விவரம் வேண்டும். எந்தத் தெரு, என்ன வாசனை, காபிப் பொடி எந்தக் கடையில். ஒளிந்திருக்கிறவளுக்கு விவரமே விஷம். நான் எழுதும் நல்ல வரி ஒவ்வொன்றும் அவள் வீட்டுக்கு வழிகாட்டும் பலகை. ஆகவே மாற்றியிருக்கிறேன். பெயர்கள் மாற்றம். நட்சத்திரங்கள் மாற்றம். லீலாவதியின் பேச்சையும் வெளுத்துத்தான் போட்டிருக்கிறேன். நிஜத்தில் அவள் பேசுவது இந்தப் பொதுத் தமிழ் இல்லை. டெல்லித் தமிழர்கள் நாம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒருத்தி "நல்லெண்ணெய் குடுங்க" என்று கேட்டால் போதும், பக்கத்தில் நிற்பவர் மாவட்டம், தாலுகா, சமயத்தில் உட்பிரிவு வரை சொல்லிவிடுவார். ஒன்றரைக் கோடிப் பேர் இருக்கும் ஊரில் நாம் வாழ்வது ஒரே ஒரு தெருவில்.

எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா படிச்சா எங்களுக்கே நாங்க யாருன்னு தெரியக் கூடாது" என்றாள். இதைவிடக் கடுமையான பத்திரிகை ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

3

தர்மனைப் பற்றி எழுதும்போது ஜாக்கிரதையாக இருக்கிறேன். முறுக்கு மீசை வைத்து, கண்ணைச் சிவக்க வைத்து, அரிவாளைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வசதி. எனக்கு இன்னும் வசதி. ஆனால் அவர் அப்படி இல்லை. மெலிந்த உடம்பு, தாழ்ந்த குரல், உரக்கடை நடத்துகிறார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். டெல்லி வெயில் ஒத்துக்கொள்ளாமல் மூக்கில் ரத்தம் வந்தபோது, "ஒண்ணும் இல்ல அண்ணி" என்று துண்டால் துடைத்துக்கொண்டு, கவியின் கல்லூரிப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

"இடம் தெரிஞ்சா போதும் அண்ணி. போயி ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடுவேன்" என்பார்.

அந்த ரெண்டு வார்த்தை லீலாவதிக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன் அவர்கள் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி இப்படித்தான் போனாள். அவளிடமும் ரெண்டு வார்த்தை பேசத்தான் போனார்கள். போனவர்களில் தர்மனும் இருந்தார். திரும்பி வந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் படத்துக்கு இப்போது அவர்கள் வீட்டில் மாலை போட்டிருக்கிறது. வயிற்று வலி என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

(கவி யாரைக் கல்யாணம் செய்துகொண்டாள், பையன் என்ன ஆட்கள் என்று இந்த இடத்தில் வாசகர்களில் பாதிப் பேருக்கு ஓர் அரிப்பு எடுத்திருக்கும். சொரிந்துவிட மாட்டேன். நீங்களும் நானும் அந்தக் கேள்வியைக் கேட்கிற பழக்கத்தில்தான் தர்மனுக்கு ரயில் டிக்கெட் கிடைக்கிறது.)

4

கரண்ட் வந்தது. என் கம்ப்யூட்டரில் கவிப்ரியாவின் பெயரைத் தட்டினோம்.

ஆர்குட்டில் இருந்த தன் பக்கத்தை அவளே அழித்துவிட்டிருந்தாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் சிநேகிதிகள் தங்கள் பக்கங்களில் வைத்திருந்த அவளை அவளால் அழிக்க முடியவில்லை. ஒரு பிறந்த நாள் கேக்குக்குப் பின்னால் அரை முகம். கல்லூரி விழாவில் மூன்றாவது வரிசை. பள்ளிக்கூட வினாடி வினாவில் இரண்டாம் பரிசு.

"இதெல்லாம் அவங்கவங்க வீட்டு ஆல்பம் மாதிரி. நாம கைவைக்க முடியாது" என்றேன்.

"என் பொண்ணு மூஞ்சி, என்னால எடுக்க முடியாதா?"

"முடியாது."

அடுத்தது வந்தது. பெரிதாக, வண்ணத்தில், ஓரத்தில் மயில் போட்ட ஒரு திருமணத் தகவல் தளம். கவிப்ரியா. பட்டுப் புடவையில் படம். உயரம், நிறம், ராசி, நட்சத்திரம், சம்பளம், வேலை செய்யும் கம்பெனி, அது இருக்கும் கட்டடம், போக வர ஆகும் நேரம். 'கம்பெனி வண்டி வீட்டு வாசலுக்கே வரும்' என்று பெருமையாக ஒரு வரி. ஒரு வேவுக்காரன் மாதக்கணக்கில் அலைந்து திரட்ட வேண்டிய அத்தனையும் அங்கே இருந்தது. போட்டவர் ராஜசேகரன். போன வருஷம், மகள் இருந்தபோது.

"இதை தம்பி பாத்துட்டாரா?" என்றேன்.

"அவருக்கு கம்ப்யூட்டர் வராது. அதுக்குத்தான் நாளைக்கு யாரையோ கூட்டிட்டு வர்றாராம்."

உள்ளே நுழைய பாஸ்வேர்டு வேண்டும். லீலாவதி அதை மளமளவென்று சொன்னாள். ராஜசேகரனுக்கு ஒற்றை விரலில் தட்டும் பழக்கம்; தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தட்டுவார். அந்த வீட்டில் அவருடைய ரகசியங்கள் எல்லாம் அடுப்படி வரை கேட்கும்.

அழிக்கும் பொத்தானை அமுக்கினால் தளம் காரணம் கேட்டது. மூன்று வட்டங்கள். 'எங்கள் மூலம் திருமணம் நிச்சயமாகிவிட்டது.' 'வேறு வழியில் திருமணம் நிச்சயமாகிவிட்டது.' 'சொல்ல விரும்பவில்லை.'

நான் மூன்றாவதற்குப் போனேன். லீலாவதி என் கையைத் தடுத்தாள்.

"ரெண்டாவது" என்றாள்.

அமுக்கினேன். திரை முழுக்க இரண்டு மாலைகள் ஆடின. 'வாழ்த்துகள். மணமக்கள் பல்லாண்டு வாழ்க' என்று எழுத்து வந்தது. கூடவே ஸ்பீக்கரிலிருந்து கெட்டிமேளம். எனக்குப் பதறிவிட்டது. மேல் வீட்டில் தர்மன் தூங்கிக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும் சார்."

கவிப்ரியாவின் கல்யாணத்துக்கு வந்த முதல் வாழ்த்தும் மேளமும் அதுதான். அவள் அம்மா அதை முழுக்க உட்கார்ந்து கேட்டாள். மேளம் நின்றதும் திரையில் எதுவும் இல்லை.

தாலி கட்டும் நேரத்தில் ஏன் கெட்டிமேளம் கொட்டுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு, காதில் விழக் கூடாத எதுவும் அந்த நேரத்தில் விழக் கூடாது என்பதற்காக. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்புறம் தேவைப்படும்.

5

அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. இடம் இருப்பதால் நடுவிலேயே போடுகிறேன்.

அதே மாதம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தலைப்பு, 'இணைய யுகத்தில் தனிமனித அந்தரங்கம்.' வாசலில் மேஜை போட்டு, பெயர், செல் நம்பர், ஈமெயில், வீட்டு முகவரி, சொந்த ஊர் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். சொந்த ஊர் எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான் சார், தெரிஞ்சுக்கலாமேன்னு" என்றார் மேஜைக்காரர். அன்று பேசிய எல்லாருடைய பேச்சையும்விட அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் அதிகம்.

அந்தக் கருத்தரங்கில் தலைமை தாங்கிய கோபாலன் சார்தான் நம் கதைக்கு வேண்டிய கோயிலுக்கும் தலைவர். சின்ன முருகன் கோயில். எங்கே என்று கேட்காதீர்கள். இத்தனை நாளும் அங்கே அர்ச்சனை என்றால் குருக்களிடம் நேரே போய்ப் பெயர், நட்சத்திரம் சொல்வது. அவர் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சொல்வது. அந்த வைகாசியில் கோபாலன் சார் கோயிலைக் கணினிமயமாக்கினார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. "இன்றிலிருந்து முருகப்பெருமான் தன் பக்தர்களைக் குடும்பம் குடும்பமாக நினைவில் வைத்துக்கொள்வார்" என்று மைக்கில் சொன்னார். அதுவரை மறந்துகொண்டிருந்தார் போல. ஒரு முறை விவரம் தந்தால் போதும். நட்சத்திர நாளில் செல்போனுக்குச் செய்தி வரும், வீட்டுக்குத் தபாலில் பிரசாதம் வரும்.

இப்போது லீலாவதியின் தவறுக்கு வருகிறேன். இது அவளுடைய தவறு மட்டுமில்லை. நம் எல்லாருடையதும்.

மகள் போன நாளிலிருந்து அவள் வாயே திறந்ததில்லை. பால்காரன், பக்கத்து வீடு, யார் கேட்டாலும், "பெங்களூர்ல டிரெயினிங்." மார்க்கெட்டில் எதிர்ப்பட்டவர்களிடம், "ஆஸ்திரேலியா." பொய் அவளுக்கு வெண்ணெய் மாதிரி வந்தது. ஆனால் மாதா மாதம் அனுஷ நட்சத்திரத்தன்று கோயிலுக்குப் போய், மகளின் நிஜப் பெயரையும் நிஜ நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்தாள். பெயரை மாற்றிச் சொன்னால் அர்ச்சனை வேறு யாருக்கோ போய்விடாதா? தபால்காரனை ஏமாற்றலாம், முருகனிடம் தப்பான பெயரைக் கொடுத்துவிட்டு, சரியான பெண்ணைக் காப்பாற்று என்று கேட்க முடியுமா?

ஒரு வாரம் முன்னால் வேறொருத்தியும் அதே கோயிலுக்கு வந்து, அதே காரணத்துக்காக, கௌண்டரில் எல்லா நிஜத்தையும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முகவரி உட்பட.

6

அனுஷத்தன்று தர்மனும் கூடவே கிளம்பினார். "தனியா எதுக்குப் போறீங்க அண்ணி. நானும் சாமி கும்பிட்ட மாதிரி இருக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் குழாயடியில் கால் கழுவினார். லீலாவதி அர்ச்சனைக்குப் போனாள். குருக்கள் கையை நீட்டிக் காட்டினார்: "இனிமே அங்கதாம்மா." மாலை போட்ட கம்ப்யூட்டருக்குப் பின்னால் சிவகுமார். வாரத்தில் ஐந்து நாள் ஏர்போர்ட்டில் வேலை, விடுமுறையில் கோயில் கைங்கரியம்.

"பேரு சொல்லுங்கம்மா."

"கவிப்ரியா."

"நட்சத்திரம்?"

"அனுஷம்."

உள்ளே தீபாராதனைக்கு மணி அடித்தது. மேளம் டமடமவென்று கிளம்பியது. சுவரில் பொருத்திய பெட்டி. சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுற்றி, முரசும் ஜால்ராவும் மணியும் தானாக முழங்கும், அந்த மாதிரி. சிவகுமார் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"அச்சா, நீங்க ஏற்கெனவே இருக்கீங்களே. குடும்பத்துல மூணு பேரு. லீலாவதி, உத்திரம். கவிப்ரியா, அனுஷம். ப்ரணவ், ரோகிணி. போன வாரம்தானே லீலாவதி பேருக்கு அர்ச்சனை பண்ணியிருக்கீங்க? அட்ரஸ் அதேதானம்மா? துவாரகா, செக்டர்" —

இதற்கு மேல் அவன் படித்ததை நான் எழுதப்போவதில்லை. அவன் முழுக்கப் படித்தான். செக்டர், குடியிருப்பின் பெயர், மாடி, கதவு எண். பிரசாதம் தப்பான வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தில், காது மந்தமானவர்களும் வரும் இடமாயிற்றே என்கிற பொறுப்பில், தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

லீலாவதிக்கு முதலில் பயம் வரவில்லை. அதை என்னிடம் வெட்கத்தோடு சொன்னாள். உத்திரம் என்று கேட்டதும் கண் நிறைந்துவிட்டதாம். வீட்டில் எல்லார் நட்சத்திரத்துக்கும் அவள்தான் தேங்காய் உடைத்திருக்கிறாள். அவள் நட்சத்திரம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஒளிந்து வாழ்கிற பெண், குடும்பம் என்று கேட்டபோது, அம்மாவை முதலிலும் புருஷனைக் கடைசியிலும் எழுதியிருக்கிறாள். அப்பாவை எழுதவே இல்லை.

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் தர்மன், ஈரக் காலோடு. சுவரில் நன்கொடையாளர் பெயர்கள் செதுக்கிய சலவைக் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நாங்க இல்ல" என்றாள்.

"பேரும் நட்சத்திரமும் கரெக்டா" —

"உலகத்துல ஒரே ஒரு கவிப்ரியாதான் இருக்காளா? நான் மாத்திச் சொல்லிட்டேன். வேற எழுதிக்கோங்க. பேரு தர்மன். பரணி நட்சத்திரம்."

சீட்டு வந்தது. தர்மன் பக்கத்தில் வந்து நின்றார். "யார் பேருக்கு அண்ணி?"

"உங்க பேருக்குத்தான்."

இருவரும் சன்னிதியில் நின்றார்கள். தர்மனுக்கு நீண்ட ஆயுளும் ஆரோக்கியமும் எண்ணிய காரியத்தில் வெற்றியும் வேண்டி குருக்கள் கணீரென்று அர்ச்சனை செய்தார். லீலாவதி கைகூப்பி, கண்ணை மூடாமல் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தர்மன் பிராகாரம் சுற்றும் நேரத்தில் அவள் மறுபடி கௌண்டருக்கு ஓடினாள்.

"தம்பி, அந்த மூணு பேரை எடுத்துட முடியுமா?"

"வேற குடும்பம்னீங்களேம்மா."

"வேற குடும்பம்தான். எடுத்துடுங்க."

சிவகுமார் அவள் முகத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "எடுக்கற வசதியே இதுல கிடையாதும்மா. சேக்க மட்டும்தான் முடியும். வேணும்னா அட்ரஸை மாத்தலாம். என்ன போடட்டும்?"

"இந்தக் கோயில் அட்ரஸையே போடுங்க. போன் நம்பரையும் கோயில் நம்பரா மாத்திடுங்க."

"அவங்க நம்பரை ஒரு தடவை பாத்துக்கறீங்களா?"

"காட்டாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் மாற்றினான். ஆக, ஆவணப்படி அந்த மூவரும் இன்று முருகன் கோயிலிலேயே குடியிருக்கிறார்கள். நட்சத்திர நாளில் கோயில் தன் முகவரிக்கே பிரசாதம் அனுப்பி, தானே பெற்றுக்கொள்ளும். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தாயிற்று. தர்மனின் காதிலிருந்து எடுக்கத்தான் வசதி இல்லை.

7

ஆட்டோவில் வரும்போது சப்தர்ஜங் பாலத்தில் நெரிசல். தர்மன் கேட்டார்:

"என் நட்சத்திரம் உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கு அண்ணி? எனக்கே மறந்துபோச்சு."

"நான் கல்யாணமாகி வந்தப்போ நீங்க அரை டிராயர். உங்க பொறந்த நாளுக்கு நான்தானே பாயசம் வச்சேன். பரணில பொறந்தா தரணி ஆள்வான்னு உங்கம்மா சொல்லுவாங்க."

"எங்கங்க ஆளறது. உரம் விக்கறேன்" என்று சிரித்தார். பிறகு ஆட்டோக்காரரின் தோளைத் தொட்டு, தனக்குத் தெரிந்த ஹிந்தியில் தூரம் கேட்டார்: "பையா, துவாரகா கித்னா தூர்?"

கதை எழுதுகிறவனாக இந்த வரி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்து லீலாவதியிடம் மறுபடி கேட்டேன். நிஜமாகவே கேட்டாரா?

"கேட்டார். ஆனா காலைலயும் கேட்டார் சார். தினம் ஒரு இடத்தைக் கேப்பார். ரோகிணி எவ்வளவு தூரம், நொய்டா எவ்வளவு தூரம். அவர் தேடற லிஸ்ட்ல துவாரகாவும் எப்பவும் உண்டு."

அந்த வரி எதையும் நிரூபிக்காது. ஆனால் அடிக்கவும் மனம் வரவில்லை. இருக்கட்டும்.

8

இப்போது அவள் மறுபடி என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி கரண்ட் இல்லை. தர்மன் மேலே குளித்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. குளித்துவிட்டு வெளியே போவதாகச் சொல்லியிருக்கிறாராம். எங்கே என்று சொல்லவில்லை.

"சார், அவர் காதுல விழுந்திருக்குமா?"

அவள் ஏன் கேட்கிறாள் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். முகவரி இப்போது அவளுக்கும் தெரியும். தர்மன் கேட்டிருந்தால், இந்த நிமிஷமே அவள் மெட்ரோவைப் பிடித்துத் துவாரகா ஓடி, மகளை வேறு எங்காவது கிளம்பச் சொல்ல வேண்டும். கேட்டிருக்காவிட்டால் அவள் அந்தத் திசையில் தலை வைத்தும் படுக்கக் கூடாது. அவள் எடுத்து வைக்கும் அடியைப் பார்த்துத்தான் அவருக்கு வழியே தெரியும். போனால் காப்பாற்றலாம். போனால் காட்டிக்கொடுக்கலாம். இரண்டில் எது என்பது ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: சிவகுமார் படித்தபோது மேளம் அந்தக் குரலை அமுக்கியதா?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. மேளம் அமுக்கிவிட்டது. தர்மன் இன்னும் கொஞ்ச நாள் வெயிலில் அலைந்து, மூக்கில் ரத்தம் வந்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறார். லீலாவதி பேசாமல் இருந்ததால் பிழைத்தாள் கவிப்ரியா. இந்த முடிவில் தினமும் தூங்கலாம்.

இரண்டு. அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்ட பிறகும், தன்னிடமிருந்து மகளை மறைக்க அண்ணி தன் பெயருக்கே ஆயுள் கேட்டு நின்றதைப் பார்த்து, ஏதோ ஒன்று உள்ளே இளகி, போகாமல் இருந்துவிடுகிறார். அழகான முடிவு. இதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது, ஆகவே நம்பவில்லை. பங்காளி வீட்டுப் பெண்ணுக்கும் ஓர் அம்மா இருந்தாள். அவளும் இந்தத் தர்மனுக்குச் சோறு போட்டவள்தான்.

மூன்று. அவர் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, நேற்றுக் கோயிலில் வாங்கிய விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு, துவாரகா செக்டர்

இல்லை. இதை முடிக்க மாட்டேன்.

லீலாவதி என்னைப் பார்க்கிறாள். நான் சொல்வதைச் செய்வாள். இத்தனை வருஷம் ஊரில் இருக்கிற சங்கத் தலைவர்களையும் மந்திரி காரியாலயங்களையும் கிண்டல் பண்ணிப் பிழைத்தவனிடம், போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்கிறாள். உங்களிடம் விடுகிறேன். படித்துவிட்டு, அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போகும் முன், அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மேலே தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

"மேளம் அடிச்சுதே சார்" என்கிறாள். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. காதே அடைச்சுப் போற மாதிரி டமடமன்னு அடிச்சுது. அவன் படிச்சது எனக்கே சரியாக் கேக்கல. அவ்வளவு சத்தத்துல அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்?"

அந்தக் கோயில் மேளம் போன தீபாவளியிலிருந்து ரிப்பேர்.